கரைப்பங்கு வாங்காத வக்கீல்

எங்கள் வக்கீல் இறந்துபோன சேதி வந்தபோது கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதேன். அழுது ஓய்ந்ததும் சிரிப்பு வந்தது. அந்த மனிதரை நினைத்துச் சிரிக்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமான புதிது. கரையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருந்தவர் வேலியை அலை வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டு, அவ்வளவும் தன்னுடையது என்று கோர்ட்டுக்குப் போனார். நாங்கள் அங்கே பிழைத்ததெல்லாம் அவர் போட்ட பிச்சையாம். அவர் ஜெயித்தால் வள்ளம் ஏற்ற இடமில்லை, வலை காயப்போட இடமில்லை. ஊரையே காலி செய்ய வேண்டியதுதான். எங்களுக்கு வாய்த்ததோ, புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, வேகாத வெயிலில் கறுப்புக் கோட்டோடு வந்து இறங்கிய இந்த ஒற்றை ஆள்.

வந்தவர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே சேர்ந்து கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்த்தார். மீனைப் பங்கு வைக்கும்போது குறுக்கே வந்து, "இது யாருக்குங்க, அது யாருக்குங்க" என்று நச்சரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தோப்புக்காரரு கரையக் கேக்குறாரு. நீங்க மீனக் கேக்குறீங்க. வெளங்குமாங்க இந்தக் கேசு?" என்றேன். என் வீட்டுக்காரர் முறைத்தார்.

வக்கீல் கோபப்படவில்லை. "அங்கிட்டு ஒதுக்கி வச்சிருக்கீங்களே, அந்தக் குவியல் யாருக்கு தங்கச்சி?" என்றார்.

அது கரைப்பங்கு. வலை கரையேறியதும் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். கரை யாருக்குச் சொந்தமோ அவருக்குப் போகிற மீன். சொந்தக்காரர் அதற்குக் காசு தருவதில்லை. தந்தால் கரை அவருடையதில்லை என்று ஆகிவிடும். பக்கத்து ஊரில் அப்படியொரு கரைக்காரர் இருந்தார். எங்கள் கரை ஊருக்குப் பொது. அதனால் வலை இழுக்க ஆம்பளை இல்லாத வீடுகளுக்கு அதைக் கொடுத்துவிடுவோம். இதைக் கேட்டதும் வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது. ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை.

கோர்ட்டில் தோப்புக்காரர் சலவை வேட்டியோடு கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் பணிவாகக் கேட்டார்: "இவங்ககிட்ட மீன் வாங்குறது உண்டுங்களா?"

"உண்டு."

"சும்மாவே குடுத்துருவாங்களோ?"

தோப்புக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வம்சத்துல யாரும் ஓசி மீன் தின்னதில்ல. எங்க தாத்தா காலத்துலேருந்து காசு குடுத்துத்தான் வாங்குறோம்."

"ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் வக்கீல் அந்தப் பக்கத்து ஊர்க் கரைக்காரரைச் சாட்சிக்கு ஏற்றினார். கரைப்பங்கு என்றால் என்ன என்று அவர் விளக்க விளக்க, தோப்புக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கோர்ட்டு டவாலி அதட்டினார். போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜெயித்தோம். வேலிக் கம்பங்களில் கரைவலைக் கயிற்றையே கட்டி, பெண்களும் ஆண்களுமாக இழுத்தோம். வக்கீலும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் மல்லாக்க விழுந்தார். அவரைத் தூக்கி நிறுத்தி, அன்றைக்கு விழுந்த கரைப்பங்கை ஓலைக்கொட்டானில் போட்டு நீட்டினோம். ஆம்பளை இல்லாத வீட்டுப் பெண்கள்தான் அதை அவருக்கே கொடுக்கச் சொன்னார்கள்.

அவர் மணலைத் தட்டிக்கொண்டே சட்டைப்பையில் கை விட்டார். "காசு வாங்கிக்கிட்டாத்தான் தொடுவேன். இல்லேன்னா கரை என்னுதுன்னு நாளைக்கு நானே கேஸ் போட்டுருவேன்" என்றார். கரையே சிரித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எங்களுக்காக வாதாட வந்தார். ஒரு தடவைகூடக் காசு கொடுக்காமல் மீன் வாங்கவில்லை.

அவர் செத்த அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் கரைவலை இழுத்தோம். நல்ல பாடு, வலை நிறைய மீன். கரைப்பங்கை அவர் பேரைச் சொல்லி ஒதுக்கி, அங்கேயே குழம்பு வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் சோறு போட்டோம். இந்தத் தடவை அவரால் சட்டைப்பையில் கை விட முடியவில்லை.