பசை டின்னில் எழுதியிருந்தது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டும் பகுதியில் எனக்கு ஏழாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை ஜாக்கெட் ஊக்கைப் போட முடியவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன.

விரல் ஏன் மரத்துப்போகிறது என்று போனில் தேடிக் கேட்டேன். சர்க்கரை என்றது, சத்துக்குறைவு என்றது, கழுத்தெலும்பு என்றது. ஒரு வீடியோவில் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் குடித்தேன். ஊர் டாக்டர் சொல்லி ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இல்லை. சூப்பர்வைசரிடம் சொன்னால், வயசானால் அப்படித்தான் என்றார். எனக்கு முப்பத்துநான்கு.

அந்தப் பதில்தான் என்னைக் கிளப்பிவிட்டது. இத்தனை நாளும் கையைப் பற்றியே கேட்டிருக்கிறேன். அந்தக் கை நாளெல்லாம் எதைத் தொடுகிறது என்று கேட்கவே இல்லை. நாங்கள் சொல்யூஷன் என்று சொல்லும் அந்தப் பசையின் டின்னில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் இருந்தது. பக்கத்து மேசைத் தோழி எழுத்தெழுத்தாக வாசிக்க, நான் போனில் தட்டினேன். வந்ததைத் தமிழாக்கிப் பார்த்தோம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ரொம்ப நாள் சுவாசித்தால் நரம்பு கெடலாம் என்றிருந்தது.

உடனே நம்ப ஆசைதான். ஆனால் சர்க்கரை என்று சொன்னதும் இதே போன்தானே. அதனால் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டில் எழுதினோம். ஒட்டும் பகுதியில் பாதிப் பேருக்கு மேல் விரலோ பாதமோ மரத்திருந்தது. தையல் பகுதியில் ஒரே ஒருத்திக்கு.

"அந்த ஒருத்தங்கள விட்டுடலாம்க்கா, குழப்பமாயிடும்" என்றாள் தோழி.

நான் விடவில்லை. திரும்பப் போய் விசாரித்தேன். போன வருஷம்வரை அவளும் பசை தடவியவள்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. போனைப் பார்த்துவிட்டு டாக்டராகிவிட்டீர்களா என்று கேட்டார்.

"டாக்டர் இல்ல சார். டெய்லி அதை மோந்துட்டு இருக்கிறவங்க" என்றேன். "நோட்டுல இன்னா தப்புன்னு காட்டுங்க, அந்த வரிய அடிச்சிடறேன்."

மறுநாள் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். உள்ளே போன் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டினார்கள்.

லீவு போட்டு வேலூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். என்ன வேலை செய்கிறாய் என்று என்னிடம் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். நோட்டை நிதானமாகப் படித்தார், சோதித்தார், வேலை இடத்துப் பசைதான் காரணமாக இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு இந்த முறை பதினான்கு பேர் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். பழுதாகிக் கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த மாதமே ஓடியது. பசைக் கிண்ணங்களுக்கு மூடியும் வந்தது. என் இடது கைக்கு உணர்வு திரும்பிவிட்டது. வலது கைக்கு இன்னும் பாதிதான்.

போன் தடை அப்படியே இருக்கிறது. புது டின் வந்தால் பெண்கள் அதன் பெயரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே வருகிறார்கள். பஸ் வரும்வரை நின்று, என்னவென்று தேடிப் பார்க்கிறோம்.