மாதவி கையில் பெரிய கேமரா

என் பெயர் குரு. கிள்ளானில் கல்யாணப் படம் எடுக்கிறவன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். அப்படிச் சொன்னாலே எனக்குக் கோபம் வந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என்னோடு ஆறு வருஷமாக வேலை செய்யும் மாதவியைப் பற்றி. அவளைப் பற்றி உண்மையைச் சொன்னால் என் மானமும் கூடவே கொஞ்சம் போகும். போகட்டும், பரவாயில்லை.

மாதவிக்கு வயது முப்பத்தெட்டு. உயரம் நாலடி பத்து அங்குலம். திங்கள் முதல் வெள்ளி வரை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடுவாள். யாருக்கு நிஜமாகவே காய்ச்சல், யார் சும்மா லீவு சீட்டு வாங்க வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் டாக்டரே அவள் என்ன நினைக்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பாராம். சனி, ஞாயிறு ஆனால் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து என்னோடு கல்யாணங்களுக்குக் கிளம்புவாள். சம்பளத்துக்காக மட்டும் வருகிறவள் இல்லை. படம் எடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம்.

எங்கள் வேலையில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பெரிய கேமரா எனக்கு, சின்ன கேமரா அவளுக்கு. மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, அம்மி மிதிப்பது எல்லாம் நான் எடுப்பேன். சீர்த்தட்டு, மாப்பிள்ளையின் புதுச்செருப்பு, மேடைக்குக் கீழே தூங்கிப்போன பிள்ளைகள், பந்தியில் அப்பளம் நொறுக்கும் அங்கிள்கள், இதெல்லாம் அவளுக்கு. ஆல்பத்தைப் புரட்டும் பெண் வீட்டார் முதலில் சிரிப்பது அவள் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருஷம் நான் ஒரு புது கேமரா வாங்கினேன். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ரகத்திலேயே தொழில்காரர்களுக்கென்று செய்தது. மாதவியிடம் இருப்பதும் மிரர்லெஸ்தான், ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. என்னுடையதில் மெமரி கார்டு இரண்டு போடலாம். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். நொடிக்கு இருபது படம் அடிக்கும். மங்கலான மண்டபத்திலும் முகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அவளுடையதில் கார்டு ஒன்றுதான். நாலைந்து படம் சேர்ந்தாற்போல் எடுத்தால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் ரவை ரவையாகப் புள்ளி விழும். ஒரே ஒரு விஷயத்தில்தான் அது ஒசத்தி. என்னுடையது லென்ஸோடு தூக்கினால் பச்சைக்குழந்தை கனம். அவளுடையது ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றின் கனம்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். ஒரு நாள் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வள்ளியம்மாவை இரண்டு கேமராவிலும் எடுத்துக் கணினியில் போட்டுக் காட்டி, எது எதில் எடுத்தது என்று கேட்டாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு ஒன்றைக் காட்டினேன். அது அவளுடைய சின்ன கேமராவில் எடுத்தது. வெயிலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும் என்று எரிந்து விழுந்தேன். அது உண்மையும்கூட. அன்று சாயங்காலம் கோவிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தபோது என் கேமரா எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது, அவளுடையது பக்கத்திலேயே வரவில்லை. அவள் உடனே ஒப்புக்கொண்டாள். எது எங்கே உதவும் என்று தெரிந்துகொள்ள அவள் சோதனை செய்தாள். நான் என்னவோ ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. கனம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். ஐப்பசியில் கிள்ளானில் ராதாகிருஷ்ணன் அண்ணன் மகள் மலருக்குக் கல்யாணம். பெரிய கேமராவில் எடுப்பதாகச் சொல்லித்தான் அந்த வேலையைப் பிடித்திருந்தேன். அப்போதுதான் மாதவி வாய் திறந்தாள்.

"குரு அண்ணே, இந்தக் கல்யாணம் மெயின்ல நான் எடுக்கறேன். தாலி கட்டறதும் நான்தான். சரியா வரலைன்னா இனிமே உங்ககிட்ட கேட்கவே மாட்டேன். கடைசி வரைக்கும் செருப்பையும் சீர்த்தட்டையும் எடுத்துட்டுப் போறேன்."

ஆறு வருஷத்தில் தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்ட வேலை அது ஒன்றுதான். எனக்கு வேறு வழியும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் கேமராவோடு நேராகப் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். புதுக் கார் எடுத்தால் நம் ஆட்கள் கோவில் வாசலில் நிறுத்தி, பூஜை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். காரைவிட என் கேமரா எந்த விதத்தில் குறைச்சல்? அர்ச்சனை செய்து, குருக்கள் கொடுத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் நானே என் கையால் இட்டேன். லென்ஸில் வைக்கக்கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. பின்பக்கம் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு மேலே சின்னதாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. நெற்றி மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அங்கே வைத்தேன்.

மண்டபத்தில் மாதவி அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் ஆளே கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். ஆனால் சுறுசுறுப்பாக வேலையை ஆரம்பித்தாள். மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, பின்னால் இருக்கும் ஸ்கிரீன் வரவே இல்லை, கண் வைத்துப் பார்த்தால் மட்டும்தான் தெரிகிறது என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய கேமராவைக் கண் வைத்துத்தான் எடுக்க வேண்டும், கைபேசி மாதிரி ஸ்கிரீனைப் பார்த்து எடுக்க இது என்ன விளையாட்டுச் சாமானா என்று கேட்டேன். அவள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினாள்.

முகூர்த்த நேரம் வந்தது. கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசை முழுக்க எழுந்து மேடையைச் சூழ்ந்துகொண்டது. ஒரு கையில் அட்சதை, இன்னொரு கையில் கைபேசி. நாலடி பத்து அங்குலத்துக்கு முன்னால் பட்டுச்சேலை முதுகுகள் மதில் கட்டி நின்றன. மாதவி அந்தப் பச்சைக்குழந்தை கனக் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி ஸ்கிரீனை அண்ணாந்து பார்த்தாள். அது கும்மிருட்டாக இருந்தது. அவள் முகம் வெளுத்ததை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவள் ஒரு நொடிதான் தயங்கினாள். பெரிய கேமராவை வீடியோ எடுக்கும் ஜீவன் கையில் திணித்துவிட்டு, பையிலிருந்து தன் சின்ன கேமராவை எடுத்தாள். ஸ்கிரீனைத் திருப்பிக் கீழே பார்க்க மடக்கி, கையை முழுசாக நீட்டித் தலைக்கு மேல் தூக்கினாள். நாலு படம் எடுத்ததும் அது வழக்கம்போல் மூச்சு வாங்கியது. அது மறுபடி தயாராவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து முடிந்திருந்தது.

ஜீவன் பெரிய கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கட்டைவிரலால் என் சந்தனத்தைத் துடைத்தான். ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது.

"அண்ணே, கண்ணு பக்கத்துல வந்தா ஸ்கிரீனை அணைக்கிற சென்சார் இது. இதுமேல போய் யாரு பொட்டு வச்சது?"

நான் பதில் சொல்வதற்குள் ராதாகிருஷ்ணன் அண்ணன் வந்துவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் மாதவி கேமராவை மாற்றியதை அவர் பார்த்திருக்கிறார். பெரிய கேமராவைப் பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்: "அவளுக்கு இன்னும் பழகலைண்ணே."

மாதவி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டது, ஜீவன் பொட்டைப் பற்றிச் சொன்னது கேட்டிருக்கவில்லை. ஏதோ தப்பான பட்டனைத் தான்தான் அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டாள். மீதிக் கல்யாணத்தைப் பெரிய கேமராவிலேயே எடுத்து முடித்து, அதைத் துடைத்து, தன் கேமராவின் கார்டோடு பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் ரயிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு படங்களையும் பார்த்தேன். முதல் மூன்றும் சுமார். நாலாவதில், சுற்றிலும் கைபேசிகள் நீண்டிருக்க, நடுவில் ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் மேலிருந்து மலரின் முகம். நாத்தனார் பின்னால் கடைசி முடிச்சைப் போடுகிறாள். மலர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அப்பாவின் சட்டை நுனியைக் கையில் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். புள்ளி விழுந்த படம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் எடுத்த எந்தத் தாலிப் படமும் அதற்குக் கிட்டே நிற்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற படங்களோடு அதையும் ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். யார் எடுத்தது என்று மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். கிளினிக்கில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் குனிந்து, பொட்டு வைத்தது நான்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும் என்பதையும் சொன்னேன்.

மாதவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அதுவரை பார்த்திராத ஒரு கோபம் அவள் முகத்தில் இருந்தது.

"இதை என்கிட்ட எதுக்கு ரகசியமா சொல்றீங்க? பழகலைன்னு யார்கிட்ட சொன்னீங்களோ, அவருகிட்ட போய் சொல்லுங்க."

சொல்கிறேன், வீட்டுக்குப் போனதும் என்றேன். "இப்ப சொல்லுங்க," என்றாள். "ஸ்பீக்கர்ல போடுங்க."

அங்கேயே ராதாகிருஷ்ணன் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். பத்து நோயாளிகளும் இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் பிள்ளையார் கோவிலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் ராதாகிருஷ்ணன் அண்ணன் சிரித்தார் பாருங்கள், கிளினிக்கே குலுங்கிச் சிரித்தது. மருந்து எடுத்துக் கொடுக்கும் மலாய்க்காரப் பெண்கூட என்னவென்று தெரியாமலே சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், தன் சட்டையை மகள் பிடித்திருக்கும் அந்தப் படம் யார் எடுத்தது என்று கேட்டார்.

"மாதவி எடுத்தது. சின்ன கேமராவுல. இங்கதான் பக்கத்துல இருக்கா."

அவர் குரல் மாறிவிட்டது. "மலர் என்னைப் புடிச்சிருந்தது எனக்கே தெரியாது குரு. போனைத் தங்கச்சிகிட்ட குடு," என்றார். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று மாதவி இன்று வரை எனக்குச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில். மாதவி பெரிய கேமராவைத் தோளிலும் சின்னதைக் கழுத்திலும் மாட்டிக்கொண்டு மேடை ஏறினாள். நான் இடது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் நேராக மணவறைக்கு முன்னால் போய் நின்றேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க லா, மறைக்குது," என்றாள் மாதவி.

தள்ளி நின்றேன்.