இருபதாவது வண்டி

மோட்டார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை எப்படிப்பட்டது தெரியுமா? பதினொரு மாசம் யாருக்கும் உங்கள் முகம் ஞாபகம் இருக்காது. பன்னிரண்டாவது மாசம் உங்களைக் கண்டதுமே பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். இதைப் படிக்கிறவர்களில் வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பிழைக்கிற சகோதரர்கள் இருந்தால், ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். உங்கள் வயிற்றெரிச்சலும் இதில் கொஞ்சம் இருக்கும்.

நான் சொல்வது இன்சூரன்ஸையெல்லாம் சர்க்கார் ஒரே கையில் எடுத்துக்கொள்வதற்கு முந்தின காலம். அப்போது எங்கள் இலங்கை மலைநாட்டு ஹட்டன் டவுனில் மட்டும் ஏழெட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் இருந்தோம். பாலிசி புதுப்பிக்கிற மார்ச் வந்தால், ஓடி ஒளியாத கார்க்காரர்கள் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிற மாதிரி அமுக்கிப் பார்ப்பார்கள். "அவரு இவ்வளவுதான் கேக்கிறாரு, நீங்க என்னா சொல்றீங்க?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டே என் தலையில் பாதி முடி போச்சு.

கண்டியிலிருந்து வந்த கடுதாசி

அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் கண்டி மேனேஜரிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. மாசம் முடிவதற்குள் இருபது வண்டி என் புத்தகத்தில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஏஜென்சி வேறு ஆளுக்கு. மேனேஜர் நேரில் தங்கமான மனுசர்தான். ஆனால் அந்தக் கடுதாசியில் தங்கம் ஒரு குன்றிமணி அளவுகூட இல்லை.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிளாக்கர். பெரிய கிளாக்கரோடு ஒரு நாள் வாய் முற்றிப்போய், "இனிமே இந்த ரோட்டுல நான் கார்லதான் வருவேன்" என்று சவால் விட்டுவிட்டு வந்தவன். சொன்னபடியே ஒரு பழைய பேபி காரும் வாங்கிவிட்டேன். ஏஜென்சி போனால் காரும் போகும், திரும்ப அந்த ஆபீசுக்கே நடந்துதான் போக வேண்டும். என் பெண்சாதி கமலம் கடுதாசியைப் படித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நான் ஆடிப்போயிருக்கிறேன் என்று பெரிய கிளாக்கருக்கு யார் சொன்னார்களோ, இரண்டே நாளில் டிக்கோயா பஸ் கண்டக்டரிடம் சேதி அனுப்பிவிட்டார்: "சுப்பையா உக்காந்த நாற்காலியை யாருக்கும் குடுக்கலன்னு சொல்லு. தெனம் தூசி தட்டித்தான் வச்சிருக்கேன்."

டீமேக்கரின் நாக்கு

முதலில் லிந்துலைக்குப் போனேன். அங்கே ஒரு தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் தூள் பக்குவம் பார்க்கிற கனகராஜ் என்ற டீமேக்கர் கார் வைத்திருந்தார். மனுசர் தேயிலைத் தூளை ஒரு சிட்டிகை கையில் எடுத்தால் எந்த மலையில் எந்தக் கிழமை பறித்த கொழுந்து என்று சொல்லிவிடுவார். அதே மாதிரி என் பாலிசித் தாளையும் இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார் என்றால் நம்புவீர்களா!

முழு இன்சூரன்ஸ் என்றால் என்ன, அரை இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று நான் முக்கால் மணி நேரம் விளக்கினேன். வேறு நாலு ஏஜென்ட்கள் எழுதிக் கொடுத்த விலைச் சீட்டுகளை ருசி பார்க்கிற கோப்பை மாதிரி மேசையில் வரிசையாக வைத்திருந்தார். நாலையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் தன் தொழில் பாஷையிலேயே முடித்தார். உயர்ந்த தூளுக்கு பி.ஓ.பி. என்றும், சல்லடைக்கு அடியில் விழுகிற கடைசித் தூளுக்கு டஸ்ட் என்றும் பெயர். "எனக்கு பி.ஓ.பி. வேணும் சுப்பையா. டஸ்ட் வெலைக்குப் போட்டுக் குடுங்க, இப்பவே கையெழுத்து வைக்கிறேன்."

மூணாவது ஆள்

ஹட்டன் ஸ்டேசன் வாசலில் ஹயர் கார் ஓட்டுகிற சின்னச்சாமிக்கு மலிவானது ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும். அதுதான் தேர்ட் பார்ட்டி. "அப்படின்னா?" என்று கேட்டார். "மூணாவது ஆளுக்கு ஏதாவது ஆனா கம்பெனி பாத்துக்கும் அண்ணே" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏன், மொத ஏறின ரெண்டு பேரு என்னா பாவம் பண்ணாங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

நீங்கள் ஒரு ஆள், கம்பெனி ஒரு ஆள், ரோட்டில் போகிறவன் மூணாவது ஆள் என்று மண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். புரிந்த மாதிரித் தலையாட்டினார். இருந்தாலும் விடாமல் டவுன் முழுக்கச் சுற்றி, "கார்ல ஏறுற அஞ்சு பேருக்கும் சேத்து எவ்வளவு?" என்று எல்லா ஏஜென்ட்டையும் கேட்டுவிட்டு, கால் வலித்துப்போய் என்னிடமே வந்து கையெழுத்து வைத்தார். அப்பாடா என்று இருந்தது. மறுநாள் கொழும்பு ரயில் வந்த நேரம் அந்தப் பக்கம் போனேன். ஒரு குடும்பம் அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தது. வயசான அம்மா ஒருத்தர் முதலில் காலைத் தூக்கி வைக்க, சின்னச்சாமி ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தினார்: "பொறுங்கம்மா, பொறுங்க! நீங்க மூணாவதா ஏறுங்க, அந்த எடத்துக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கு!"

கேட்காதவனுக்குப் போனஸ்

தொழிற்சங்கத்து ஜில்லாப் பிரதிநிதி ஒருவர் பழைய ஜீப் வைத்திருந்தார். பேர் ராமையா. குரல் என்றால் குரல், அவர் ஆபீசில் பேசினால் தபால் கந்தோரில் கேட்கும். அவரைப் பிடிப்பதற்கு என் கையில் நல்ல துருப்பு இருந்தது. போன வருஷம் அவர் ஜீப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. கம்பெனியிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருஷம் கட்டுகிற காசில் கழிவு உண்டு, அதற்குப் பேர் நோ கிளெய்ம் போனஸ். இதைச் சொன்னால் குளிர்ந்துபோவார் என்று நினைத்தேன்.

போனஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்குப் போனஸ்?" என்றார். "நீங்க ஒண்ணுமே கேக்கலையே, அதுக்கு" என்றேன். "கேட்டிருந்தா?" "கேட்டிருந்தா கெடையாதுங்க." அவ்வளவுதான். மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார், மைக்கூடு துள்ளியது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராகிவிட்டேன். ஆனால் அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டு, தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் என் பக்கம் குனிந்து, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்: "நாங்க கேட்டு, கூட்டம் போட்டு, வேலைக்குப் போகாம பெரட்டுக்களத்துல நாள் கணக்கா உக்காந்தும் கெடைக்காத போனஸ், வாயத் தொறக்காதவனுக்குக் கெடைக்குதா? தம்பி, இந்தத் தாளு மட்டும் எந்தத் தோட்டத்துத் தொரை கண்ணுலயும் பட்டுறக் கூடாது!"

எதிர்க்கம்பெனி

இந்த ஊரில் எனக்கு உண்மையான போட்டி ஒரே ஒருத்தர். அருளப்பு என்று யாழ்ப்பாணத்துக்காரர், வேறொரு கம்பெனி ஏஜென்ட். நான் ஏறின வாசலில் பத்து நிமிஷம் கழித்து அவர் ஏறுவார், அவர் இறங்கின வாசலில் நான் ஏறுவேன். அவர் ஒரு ரூபாய் குறைத்தால் நான் இரண்டு. ஆனால் தொண்டை வறண்டு போனால் இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே மேசையில்தான் உட்காருவோம். எங்களுக்குள் வேறு ஒரு ஏற்பாடும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

மார்ச் கடைசிக் கிழமை அந்தக் கடையில் உட்கார்ந்து என் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். எப்படி எண்ணினாலும் பதினெட்டுதான். பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிட்டேன், வேறு யாரிடம் சொல்வது! அவர் தன் வடையைப் பாதியாகப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். "தம்பி, நானும் நீரும் போட்டிக்குப் போட்டி விலையைக் குறைச்சுக்கொண்டே போறம். இந்த வடைக்கு இண்டைக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டு முதல்ல சொல்லும்."

ஹாஜியாரின் லொறி

கடைசி நாள் காலையில் ஹாஜியார் கடைப் படி ஏறினேன். அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். ஒரு லொறி, ஒரு வேன். இரண்டும் கிடைத்தால் சரியாக இருபது. "வாங்க மகன்" என்று உட்காரச் சொல்லி, எடுத்த எடுப்பிலேயே குண்டைப் போட்டார். வேனைப் போன கிழமை கம்பளை மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம், அவர் அங்கேயே வேறு கம்பெனியில் பதிந்துவிட்டாராம். லொறி வந்தாலும் பத்தொன்பது. பெரிய கிளாக்கர் நாற்காலியைத் தூசி தட்டுகிற சத்தம் ஹாஜியார் கடைக்குள்ளேயே கேட்டது.

"சரி, லொறிக்கு எவ்வளவு?" என்றார். சொன்னேன். நம்பவில்லை. "ஒங்க காருக்கு நீங்க எவ்வளவு கட்டினீங்க? அந்தத் தாளைக் காட்டுங்க. ஒங்களுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போடுங்க." இதுதான் அந்த வெட்கக்கேடு. ஏஜென்ட் தன் சொந்தக் காருக்குத் தானே விலை குறைக்கக் கூடாது என்று என் கம்பெனியில் சட்டம். அருளப்பு கம்பெனியிலும் அதே சட்டம். அதனால் என் காருக்கு அவரிடம் மலிவாக வாங்குவேன், அவர் காருக்கு என்னிடம் மலிவாக வாங்குவார். வேறு வழியில்லாமல் தாளை நீட்டினேன். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"காலையில அருளப்பு வந்தாரு மகன். அவருகிட்டயும் இதையேதான் கேட்டேன். அவரு காட்டின தாளுல ஒங்க கையெழுத்து!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தாளில் தேதியைக் காட்டினார். அந்தப் பாலிசி அன்றோடு முடிகிறது. "நீங்க விக்கிற சாமானை நீங்களே வாங்கலேன்னா நான் எப்பிடி வாங்குறது? மொதல்ல ஒங்க காரை ஒங்க கம்பெனியில, கழிவு கிழிவு ஒண்ணும் இல்லாம முழு வெலைக்குப் பதியுங்க. பொறகு லொறியைப் பதியுங்க. அருளப்புகிட்டயும் இப்பிடித்தான் சொன்னேன். அவரு, 'எங்கட கம்பெனி விலை எனக்குக் கட்டாது ஹாஜியார்' எண்டு எழும்பிப் போயிட்டாரு."

அங்கேயே, அரிசி மூட்டை மேல் புத்தகத்தை வைத்து என் பேபி காரை எழுதினேன். கேட்ட விலையைப் பார்த்து எனக்கே என் மேல் கோபம் வந்தது. அதற்குக் கீழே ஹாஜியாரின் லொறி. எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. பத்தொன்பது, இருபது! கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது, ஹாஜியார் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அல்லாஹ்வே! ஊரெல்லாம் தேடின ஆளைக் கண்ணாடியில பாத்திருந்தா இவ்வளவு பெற்றோல் மிச்சமாயிருக்குமே மகன்!"

புத்தகத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் கமலம் இல்லை. சேதி அதற்குள் டவுன் முழுக்கப் பரவியிருந்தது. தேடிப் போனால் அவள் பஸ் ஸ்டாண்டில் நின்று டிக்கோயா கண்டக்டரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரிய கிளாக்கர் அய்யாகிட்ட சொல்லுங்க, அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கட்டும், அவரு காருக்கு இன்சூரன்ஸ் வேணும்னா எங்க வீட்டுக்கு வரட்டும்!"

அந்த வருஷம் ஹட்டனில் ஒரு சதம்கூடப் பேரம் பேசாமல், கேட்ட விலையைக் கொடுத்து இன்சூரன்ஸ் வாங்கின ஒரே ஏமாளி நான்தான். விற்றவனும் நானே என்பதால் யாரைத் திட்டுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.