கடவுச்சீட்டில் உள்ளதுதான் நாடு

செல்வம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவில் லியாப்றூக்குப் போகும் ட்ராமை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டும்போது கைபேசியைத் தொடக் கூடாது என்பதால் கடைசி நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். அவருடைய மனைவி பத்மா அக்கா எழுதியிருந்தார்: "இவர் போயிட்டார் ரதி." வேறொன்றும் இல்லை. திரும்பிப் புறப்படும் நேரமாகிவிட்டிருந்தது. எனக்குப் பதிலாக வேறொரு ஓட்டுநரைக் கேட்டிருக்கலாம். ஏனோ கேட்கவில்லை. ஈரப்பனி கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. ஏறியவர்களுக்கும் இறங்கியவர்களுக்கும் கதவைத் திறந்து மூடியபடி நகரத்தின் மறுமுனைவரை ஓட்டிப் போனேன்.

குறொன்லாண்ட் பகுதியில் இருந்த அவருடைய பலசரக்குக் கடையை அறியாத தமிழர் ஒஸ்லோவில் குறைவு. வாடின முருங்கைக்காயை யாராவது எடுத்தால், "இதை வாங்காதேங்கோ" என்று கையிலிருந்து பறித்து வைப்பார். நல்ல முருங்கைக்காயை எடுத்து விலை பேசினாலும் அதேபோலப் பறித்து வைப்பார். சிரித்த முகம் என்று அவரைச் சொல்ல முடியாது. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரையும் சிரித்த முகமாக்கிவிடுகிறோம். அவருக்கு அந்த அநியாயத்தை நான் செய்ய மாட்டேன்.

கடையை அறிந்தவர்களில் பின்னறையை அறிந்தவர்கள் சிலர்தான். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு தொலைக்காட்சி, நாலைந்து பிளாஸ்டிக் கதிரைகள். சாம்பியன்ஸ் லீக் உதைபந்தாட்டங்கள் நடக்கும் மாலைகளில் அங்கே கூடுவோம். நாங்கள் கழகங்களுக்கு ஆதரவாளர்கள் அல்லர். ஒரு பால்மாப் பேணிக்குள் நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுகள் கிடக்கும். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். பிரேசில் சீட்டு எடுத்தவருக்கு, எந்தக் கழகத்தில் ஆடினாலும் பிரேசில்காரர் எல்லோரும் அவருடைய ஆட்கள். கோல் அடித்த ஆளின் நாடு யாரிடம் இருக்கிறதோ அவர் ராசாபோல் இருந்து ரோல்ஸ் சாப்பிடலாம். ஒன்றும் கிடைக்காதவர் தேநீர் போட்டுக் கோப்பை கழுவ வேண்டும். செல்வம் அண்ணை சீட்டு எடுப்பதில்லை. அவர் நடுவர்.

நடுவர் தேவைப்பட்டதற்குக் காரணம் அந்தக் கழகங்கள்தான். சில கழகங்களில் பதினொரு பேருக்குள் கழகம் இருக்கிற நாட்டுக்காரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாரிசில் பிறந்தவனின் தந்தை மாலிக்காரர், தாய் அல்ஜீரியர், ஆடுவது ஜெர்மனியில். இவன் யாருடைய ஆள்? ஒருமுறை எங்கள் கார்த்திக் கமரூன் சீட்டு எடுத்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன், இங்கே கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிறான். கோல் அடித்தவனைக் காட்டி, "அண்ணா, அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே கமரூன்தான். பேரே சொல்லுதே" என்று ரோல்ஸ் தட்டை நோக்கிக் கை நீட்டினான்.

செல்வம் அண்ணை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பேரை வைச்சு நாடு சொல்லேலாது தம்பி. அவன் வைச்சிருக்கிறது பிரெஞ்சுப் பாஸ்போட். பாஸ்போட்டிலை என்ன கிடக்கோ அதுதான் நாடு. எழும்பித் தேத்தண்ணியைப் போடும்."

"ரெண்டு பாஸ்போட் வைச்சிருக்கிறவன்?" என்று கேட்டான் நிரோஷன். இங்கே பிறந்து வளர்ந்து சட்டம் படித்தவன். எந்த விதியிலும் ஓட்டை தேடுவான்.

"அவன் குடுத்து வைச்சவன். அவனைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேணும்?"

அந்தத் தீர்ப்புகளை வைத்து அவரை எவ்வளவோ கேலி செய்திருக்கிறோம். அவர் அசையமாட்டார். ஒருநாள் அணிகள் வரிசையாக நின்றபோது திரையைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் எங்களைப்போலை வேறை வேறை தேசத்திலையிருந்து வந்து நிக்கிறாங்கள். ஆனா இவங்களை எயாப்போட்டிலை ஒருத்தரும் தனியறைக்குக் கூட்டிக்கொண்டு போறேல்லை." நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் மாற்றிய மாலையும் சாதாரணமாகத்தான் தொடங்கியது. ஏதோவொரு நாட்டின் அணியில், பாட்டன் அந்த நாட்டில் பிறந்தவர் என்று பொய்ப் பத்திரம் காட்டிச் சேர்ந்த ஆட்டக்காரன் ஒருவனைப் பற்றி இடைவேளையில் பேச்சு வந்தது. நிரோஷன் சூடாகிவிட்டான். "யூக்ஸ் அண்ணை, சுத்த யூக்ஸ்" என்றான். ஏமாற்றுக்கு நோர்வேஜியச் சொல் அது. "பொய் சொல்லி எடுத்த பாஸ்போட், பாஸ்போட்டே இல்லை. அவன் ஆடின ஆட்டம் எல்லாத்தையும் அழிக்க வேணும்." கார்த்திக் மறுத்துப் பேசினான். வழக்கம்போல இருவரும் நடுவரைப் பார்த்தார்கள். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. "கடையிலை ஆரோ வந்திருக்கினம்" என்று எழுந்து முன்பக்கம் போனார். கடையில் ஒருவரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் என் ட்ராமில் ஏறி முதல் இருக்கையில் அமர்ந்தார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் இறங்கவில்லை. எனக்கு அங்கே சிறிது ஓய்வு நேரம் உண்டு. என் ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்து, "என்ன அண்ணை, வழி தெரியாமல் வந்திட்டியளோ?" என்றேன்.

"நான் வடமராட்சி இல்லை ரதி" என்றார். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் அறிந்திருந்தோம். "அட்டனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்திலை பிறந்தனான். எழுபத்தேழுக் கலவரத்திலை நாங்கள் இருந்த லயத்து வீட்டைக் கொளுத்திப் போட்டாங்கள். அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவ. எங்களிலை ஒருத்தருக்கும் பிரசாவுரிமை இல்லை."

சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத் தமிழரின் குடியுரிமையை இலங்கை பறித்த கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர்களில் ஒருவர் எங்களோடு இத்தனை காலம் இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் பிறந்தவன் என்று சொன்னால் இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று, அவரை நோர்வேக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் பயமுறுத்தினானாம். அதனால் அகதி விசாரணையில் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்த இலங்கைக் குடிமகன் என்று சொல்லிவிட்டார். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர் வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். அந்தக் கிராமத்தின் கோயில், பள்ளிக்கூடம், மீன் சந்தை எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுப் பாடமாக்கினார். அந்தக் கிராமத்துக்கு ஒஸ்லோவில் ஓர் ஊர் ஒன்றியம் இருப்பதும், அதற்குச் செல்வம் அண்ணை நெடுங்காலம் செயலாளராக இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதேயில்லை.

"இதை இப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

"குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப் போறன். பத்மாவுக்கு நேற்றுச் சொல்லிட்டன்."

"விசரே அண்ணை? ஆர் உங்களைக் கேட்டது? வாயை மூடிக்கொண்டு கடையைப் பாருங்கோ."

"அந்த அறையிலை எத்தினை பேரை, உம்மடை ஆள் அந்த நாடில்லை எண்டு எழுப்பித் தேத்தண்ணி போட விட்டிருப்பன்" என்றார். "என்ரை முறை வந்தால் நானும் எழும்ப வேணுமெல்லோ."

விளையாட்டுக்குப் போட்ட விதியை யாராவது வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டு போவார்களா? அவர் போனார். தன் காலில் நடந்துபோய், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். உண்மையைச் சொன்னவருக்கு ஏதாவது சலுகை இருக்கும் என்று உள்ளூர நம்பியிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. பல மாதங்கள் கழித்து வந்த முடிவில் நோர்வேக் குடியுரிமையைத் திரும்பப் பெறுவதாக இருந்தது. கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார். மேல்முறையீட்டை நிரோஷன் எழுதினான். எழுதும்போது ஒருநாள் என்னிடம், "அக்கா, முதல்லையே உண்மையைச் சொல்லியிருந்தாலும் இவருக்கு இஞ்சை இடம் குடுத்திருப்பாங்கள். நாடே இல்லாத ஆள். வீடும் எரிஞ்ச ஆள். இதைவிட என்ன வேணும்?" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொய் சொல்லி எடுத்தது பாஸ்போட்டே இல்லை என்று சொன்ன வாய் அது. அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் தூங்காமல் எழுதினான் என்று எனக்குத் தெரியும்.

நோர்வே அரசு சட்டப்படி எழுதி அனுப்பியது. எங்கள் ஆட்கள் எழுதவில்லை. கதை எப்படியோ காதுக்கு எட்டியதும் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒன்றியக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. வேறொரு கடையின் மீன்பகுதியில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மற்றவரிடம், "அந்தாள் தோட்டக்காட்டானாம், தெரியுமே? இவ்வளவு காலமும் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறான்" என்றார். அந்தச் சொல்லை அப்படியே இங்கே எழுதுகிறேன். சொன்னவர் இதைப் படிப்பார். அந்நிய அதிகாரியின் முன்னால் அவர் அந்தப் பொய்யைச் சொன்னது ஒருநாள். எங்கள் முன்னால் அதைத் தினமும் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் அந்தச் சொல். பத்மா அக்காவின் அண்ணன்மார் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்து, ஏமாற்றியவனை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். "ஊர் கேட்டது நீங்கள். நான் கேட்டுக் கட்டேல்லை" என்று அக்கா வைத்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் அதுவே உரத்த பேச்சாக இருந்திருக்கும்.

கோடையில் வயிற்று வலி என்றார். இலைகள் உதிரும்போது மருத்துவமனையில் படுத்துவிட்டார். புற்றுநோய் பரவிவிட்டிருந்தது. அவருக்கு இருந்த ஒரே ஆசை, மேல்முறையீட்டின் முடிவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். தபால் வந்ததா என்று பத்மா அக்காவைத் தினமும் கேட்பார். ஒரு மாலை முன்னேர ஆட்டத்தைப் பார்க்க நாங்கள் மூவரும் அவருடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரோ கோல் அடித்தான். பெல்ஜியத்தில் பிறந்து மொரோக்கோவுக்கு ஆடுபவன். எவன் என்ன நாடு என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேநீரை நிரோஷன் தானாகவே எழுந்துபோய் எடுத்து வந்தான்.

மற்ற இருவரும் போன பிறகு கேட்டேன்: "உங்களுக்குக் கோபம் வரேல்லையோ அண்ணை?"

"ஆரிலை கோபிக்கிறது? பொய் சொன்னது நான். விதி போட்டதும் நான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா ரதி, குடுத்ததைத் திருப்பிப் பறிக்கிறதிலை ரெண்டு நாடும் ஒரே மாதிரித்தான். அம்மாவிட்டையிருந்து ஒண்டு. என்னட்டையிருந்து ஒண்டு."

அவர் இறந்த பிறகு மரண அறிவித்தல் எழுதும் வேலை எனக்கு வந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். நான் எழுதத் தொடங்குமுன்பே ஊர் ஒன்றியத் தலைவர் தொலைபேசியில் வந்துவிட்டார். "ஆளின்ரை ஆத்மா சாந்தியடையட்டும் பிள்ளை. ஆனா எங்கடை ஊரின்ரை பேரைப் போடாதேங்கோ." அடுத்தது ரொறொன்ரோ. தோட்டத்தின் பெயரைப் போட்டால் தாங்கள் வெளியே தலைகாட்ட முடியாதாம். ஸ்தவாங்கர் நகரிலிருந்து வந்திருந்த செல்வம் அண்ணையின் மகள் உண்மையான ஊரைப் போட வேண்டும் என்று அழுதாள். பத்மா அக்கா களைத்துப்போயிருந்தார். "ஒண்டும் போடாதை ரதி. ஒஸ்லோ எண்டு மட்டும் போடு" என்றார். அப்படியே போட்டோம். எங்கள் மரண அறிவித்தல்களில், எங்கும் பிறக்காமல் வாழ்ந்து இறந்த ஒரே மனிதர் செல்வம் அண்ணைதான். சுடலைக்கு வந்தவர்கள் உட்கார்ந்த பிறகும் கதிரைகள் தாராளமாக மிஞ்சியிருந்தன.

காரியங்கள் முடிந்த வாரத்தில் பதில் வந்தது. முறையிட்டவர் உயிரோடு இல்லாததால் மேல்முறையீட்டை முடித்துக்கொள்கிறார்களாம். நிரோஷன் படித்துச் சொன்னான். பத்மா அக்கா, "அப்ப இவர் வெண்டவரோ, தோத்தவரோ?" என்று கேட்டார். அவன் கடிதத்தைப் பழையபடி மடித்து உறைக்குள் வைத்தான்.

இந்த அஞ்சலியைச் சாந்தமாக எழுதும்படி பத்மா அக்கா கேட்டுக்கொண்டார். முயன்றுதான் பார்த்தேன். இப்படியான கட்டுரைகளின் முடிவில், மறைந்தவரிடமிருந்து தான் பெற்றுக்கொண்டதைச் சொல்வார்கள். பொறுமை என்பார்கள், நேர்மை என்பார்கள். அவருடைய நேர்மை எனக்கு வேண்டாம். அது அவரைக் கொன்றது என்றே நினைக்கிறேன். அவருடைய பொறுமையும் வேண்டாம். கடைசிவரை அவர் யாரிலும் கோபிக்கவில்லை. பிரசாவுரிமையைப் பறித்தவர்களில் இல்லை, கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டவர்களில் இல்லை, மீன்பகுதியில் நின்றவர்களிலும் இல்லை. அவர் படாத அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்திருக்கிறேன். அவருடைய வீட்டில் சாப்பிட்டு, இன்று அவருக்கு ஊரில்லை என்று சொல்லும் உங்களை வழியில் காணும்போது என் முகம் மாறினால், காரணம் இதுதான்.