அனுசியாவின் வெறும் முகம்

முகத்தில் பவுடர் பட்டால் அனுசியாவுக்கு மூச்சடைக்கும். மூச்சு மூக்கு வழியாகப் போய்வந்துகொண்டுதான் இருக்கும், ஆனாலும் அடைக்கும். இமையில் மை தீட்டினால் ஓர் எறும்பு அங்கே வந்து நின்றுகொண்டு நகராமல் இருப்பது போலிருக்கும். இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிறுவயதிலேயே முயன்று பார்த்து விட்டுவிட்டாள்.

யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். 'அது ஒரு மாதிரி' என்று தெரு அவளைச் சொல்லி முடித்திருந்தது. அப்படி இருப்பதற்கு ஒரு பெயர் உண்டென்று எண்பத்தொன்பதில் விருத்தாசலத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்துகொண்டிருப்பார்களா என்பதும் உறுதியில்லை.

பீங்கான் பொம்மை செய்யும் யூனிட் ஒன்றில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த சுடாத பொம்மைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மட்டமாக்க வேண்டும். சாயங்காலம் உச்சி முதல் உள்ளங்கால்வரை வெள்ளை மண்ணோடு வீடு திரும்புவாள்.

"நாள் முச்சூடும் மண்ண அப்பிக்கிற மொகத்துக்குப் பவுடரு மட்டும் கசக்குதாக்கும்?" என்பாள் அண்ணி அன்பரசி.

"மண்ணு காஞ்சா உதுந்துடும் அண்ணி. அதுக்கு வாசன கெடையாது."

"வாயப் பாரு. மாப்ள வூட்டுக்காரங்ககிட்ட இப்புடியே பேசு. துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடட்டும்."

ஓடத்தான் செய்தார்கள். வெறும் முகத்தோடு வந்து நின்ற பெண்ணுக்கு ஏதோ நோய் என்றது ஒரு வீடு. திமிர் என்றது இன்னொரு வீடு. அண்ணன் விருத்தகிரி அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் அடுப்படியில் அம்மா அம்சவல்லி, "நான் கண்ண மூடறதுக்குள்ள உன்ன ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடணும். ஒரே ஒரு தடவ பூசிக்கடி" என்று விம்மினாள். அனுசியா சரி என்றாள். அந்த அழுகைச் சத்தத்தைத் தாங்குவது பவுடரைவிடக் கடினமாக இருந்தது.

வேப்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை மாணிக்கவேல், ரோட்டோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். தாயில்லாத அவனை வளர்த்த பெரியம்மாதான் பேசினாள். காப்பி கொடுத்த பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போயி மொகத்த அலம்பிக்கிட்டு வா கண்ணு. பவுடருக்குக் கீழ என்ன இருக்குதுன்னு பாக்கணுமில்ல?" என்றாள். பெண்ணின் நிறத்தைப் பார்க்க அந்தக் குடும்பங்களில் அப்படிக் கேட்பதுண்டு.

அம்சவல்லிக்கு உயிரே போயிற்று. அனுசியா ஓட்டமாகக் கொல்லைக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள், ஒருபோதும் செய்யாததாக, புதிய மனுஷியிடம் தானாகவே பேசினாள்.

"கல்யாணத்துக்கும் இப்புடியே இருக்கலாமாங்க?"

பெரியம்மா சிரித்தாள். "இருந்துட்டுப் போயேன். இந்த மொகத்துக்கு என்ன கொறச்சல்?"

அதற்குப் பிறகு கல்யாணம்வரை அனுசியா நிம்மதியாக இருந்தாள். வேலையின் நடுவே தனக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டாள். மாணிக்கவேலைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. தன் முகத்தைத் தனக்கே விட்டுவைக்கிற ஒரு வீடு வேப்பூரில் இருக்கிறது என்று மட்டும் நினைத்தாள்.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில், பெண்ணின் அறைக்குள் அலங்காரப் பெட்டியோடு வந்ததே அந்தப் பெரியம்மாதான்.

"நீங்கதான அத்த இப்புடியே இருக்கலாம்னு சொன்னீங்க?"

"அட இவளே! என்னைக்கோ வெளையாட்டுக்குச் சொன்னத முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கறா பாரு!"

அறையே சிரித்தது. விளையாட்டுக்குச் சொல்வது எது, மெய்யாகச் சொல்வது எது என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது அவளுக்கு விளங்கியதே இல்லை. "வேணாம்" என்றாள். பிறகு கத்திச் சொன்னாள். அன்பரசி ஒரு கையையும் அம்சவல்லி மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் பிடிதான் இறுக்கமாக இருந்தது. பவுடர், மை, உதட்டுச் சாயம். கண்ணாடியை நீட்டியபோது அவள் பார்க்கவில்லை.

தாலி ஏறும்வரை பொறுத்தாள். மாணிக்கவேல் வகிட்டில் குங்குமம் வைத்தான். பந்திக்கு இலை போடும் சந்தடியில் எழுந்து, மண்டபத்தின் பின்பக்கக் குழாயடிக்குப் போய்த் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள். மூச்சு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே பெரியம்மா நின்றிருந்தாள்.

நெற்றியில் பொட்டில்லை. வகிட்டில் குங்குமமில்லை.

"பாவி! கட்டுன தாலி மஞ்ச ஈரங்கூடக் காயல, எம் புள்ளைக்குக் கொள்ளி வைக்கிறாளே!"

பவுடரைக் கழுவுவதாகத்தான் அனுசியா நினைத்திருந்தாள். கூடவே போனது எது என்று அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மறுபடி வைத்துவிடச் சொல்லி அம்சவல்லி பெரியம்மாவின் காலில் விழுந்தாள். தன் கையாலேயே அழித்துக்கொண்டவளுக்குப் பரிகாரமில்லை என்றார்கள். மாணிக்கவேல் நல்லவன் என்று பிற்பாடு சிலர் சொன்னதுண்டு. அன்று அவன் வாயைத் திறக்கவில்லை. அதை நல்லதனம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. வேப்பூர்க்காரர்களின் வேன் அவளை ஏற்றாமல் திரும்பிற்று.

கழுத்தில் தாலியோடு மறுபடி யூனிட்டுக்குப் போனாள். அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை, அழைத்துப்போக வேப்பூரிலிருந்தும் வரவில்லை.

தொண்ணூற்று நாலில் விருத்தகிரியின் மகளுக்குக் காதுகுத்து. வீடு கொள்ளாமல் பெண்கள். அன்பரசி பவுடர் டப்பாவோடு ஒவ்வொருத்தியாகப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். "ஏய், கழுத்துலயும் பூசுடி, மொகம் ஒரு ஊரு கழுத்து ஒரு ஊராட்டம் இருக்குது!"

அனுசியா சுவரோரம் நின்றாள். பூசிக்கிறியா என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. வேண்டாம் என்பதுதான் அது. டப்பா அவளுக்கு இந்தப் பக்கம் நின்றவளிடமிருந்து அந்தப் பக்கம் நின்றவளிடம் போயிற்று. அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டு பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கவில்லை.