தின்று பார்க்காமல் விற்ற ஆப்பிள்

பழ வியாபாரத்தில் விற்கிறவனுக்கு வாய் இருப்பது பேசத்தான், தின்ன இல்லை. வெயிலில் தராசு பிடித்து நின்றவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டாம். திருத்தணி மலைப்படிக்குக் கீழே இருபது வருஷமாகத் தள்ளுவண்டியில் ஆப்பிள் விற்கிறேன். கோபக்காரன் என்று பெயர். அந்தப் பெயரை யாரும் சும்மா கொடுக்கவில்லை, உழைத்துத்தான் வாங்கினேன். இந்த வருஷம் ஒரு புது ஆப்பிள் என்னைப் படுத்திய பாடும், அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டவர்கள் சொன்ன வார்த்தைகளும் இங்கே இருக்கின்றன.

ஏழாவது அடி

கோயம்பேட்டில் எனக்கு ஒரு பாணி உண்டு. சரக்கை வாய்க்கு வந்தபடி திட்டுவேன், பாதி விலைக்குக் கேட்பேன், திரும்பி நடப்பேன். ஏழாவது அடி வைப்பதற்குள் மண்டிக்கார ரஹீம் பாய் கூப்பிட்டுவிடுவார். அன்றைக்கு அவர் கடையில் பச்சையாக, ஒரு கன்னம் மட்டும் லேசாகச் சிவந்த ஆப்பிள் பெட்டி பெட்டியாக இருந்தது. புது ரகமாம். பெயர் அவர் வாயிலேயே நுழையவில்லை. "இது ஆப்பிளா, கொய்யாவுக்குக் காய்ச்சலா?" என்று ஆரம்பித்தேன். "இந்த விலைக்குத் தந்தா மொத்தத்தையும் எடுத்துக்கறேன்" என்று ஓர் அடிமாட்டு விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஓர் அடிகூட வைக்கவில்லை. "எடுத்துக்கோ" என்றார்.

பேரம் பேசுகிறவனுக்குக் கேட்ட விலை உடனே கிடைத்தால் ஏமாந்துவிட்டான் என்று அர்த்தம். முப்பது பெட்டி. கையிலிருந்த முதல் அத்தனையும் அதில் போய்விட்டது. தகரம் போட்ட என் வீட்டு வெக்கையில் ஆப்பிள் பத்து நாள் தாங்கினால் அதிகம். அழுகிவிட்டால், வண்டியை விற்றுவிட்டு நான் பழையபடி மண்டியில் மூட்டை தூக்க வேண்டியதுதான். பெட்டிகளை ஏற்றும்போது பாயை முறைத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கேட்ட விலைக்கே குடுத்தா மொறைக்கிற ஒரே ஆளு நீதான்பா."

ஆஸ்பத்திரிப் பழம்

எங்கள் பக்கத்தில் ஆப்பிளை ஆசைக்கு வாங்குகிறவர்கள் குறைவு. யாராவது படுத்தால்தான் ஆப்பிள், ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு. அதுவும் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும். நான்கு நாளில் ஒரு பெட்டிகூட முழுசாகப் போகவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நெசவுக்காரர் ஒருவர் என் ஆப்பிளை எடுத்தார், உருட்டிப் பார்த்தார், வைத்துவிட்டார். "ஏன், கடிக்குமா அது?" என்று எகிறினேன். மனிதர் கோபப்படவே இல்லை. "மாமியார் ஆஸ்பத்திரில இருக்காங்க. இத எடுத்துகினு போனா எழுந்து வந்து அடிப்பாங்க."

மொட்டைத்தலைக்காரர்

ஐந்தாம் நாள் கிருத்திகை. சாமி பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்த ஆந்திராக்காரர் ஒருவர், மொட்டைத்தலையில் சந்தனம் காயாமல், வண்டி முன்னால் நின்றார். ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னார். திராட்சை என்றால் இரண்டு கொடுக்கலாம், ஆப்பிளில் ஏது சாம்பிள்? "இன்னா, கல்யாணப் பந்தியா, ருசி பாத்துட்டு உக்கார?" என்றேன். "நீ தின்னு பாத்தியா? எப்பிடி இருக்குது, சொல்லு, வாங்கறேன்" என்றார். தின்றதே இல்லை என்று சொல்ல மானம் தடுத்தது. "தேன் மாதிரி இருக்கும்" என்று அடித்துவிட்டேன்.

ஒன்றை வாங்கி என் கண் எதிரிலேயே கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மென்று முடிக்கும்வரை அந்தக் கண் திறக்கவில்லை. பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "உங்க ஊர்ல தேன் புளிக்குமா, நைனா?"

முதல் கடி

மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில், வெடித்துப்போன ஒரு ஆப்பிளைக் கடித்ததற்காக முதலாளி எல்லார் எதிரிலும் அறைந்தார். அன்றிலிருந்து சரக்கு என் கைக்கு வரும், வாய்க்குப் போகாது. அது ஒரு வைராக்கியம். அந்த மொட்டைத்தலைக்காரர் போனதும் அவமானத்தில் வைராக்கியம் உடைந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். தேங்காய் உடைகிற மாதிரி சத்தம். புளிப்பு தாடையைப் பிடித்து இழுத்தது. துப்பலாம் என்று நினைப்பதற்குள் நாக்கின் அடியிலிருந்து ஓர் இனிப்பு கிளம்பியது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அதே இனிப்பு. போகும்போது லேசாக ரோஜாப்பூ வாசம் வேறு. கை தானாக அடுத்த கடிக்குப் போனது. இருபது வருஷமாக நான் இன்னதென்று தெரியாமலே விற்றிருக்கிறேன்.

பக்கத்துக் கடை வசந்தா பார்த்துக்கொண்டே இருந்தது. மாங்காய், வெள்ளரி, கொய்யா வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிற பொம்பளை. வண்டி நிறுத்துகிற இடத்துக்காக எனக்கும் அதற்கும் ஆறு வருஷ யுத்தம். மாங்காய் சீசன் முடிந்து அதற்கும் வியாபாரம் மந்தம். என் கையிலிருந்து மீதியைப் பிடுங்கி, கடிக்காத பக்கமாக ஒரு கீற்று அரிந்து, மிளகாய்த்தூளில் புரட்டி வாயில் போட்டது. இன்னொரு கீற்றும் அரிந்துகொண்டே சொன்னது: "யோவ், நம்ம கிளிமூக்கு மாங்கா பனிமலைக்கு வாக்கப்பட்டுப் பெத்த புள்ளயா இது."

படியிறங்கி வருகிறவர்கள்

அன்று மத்தியானமே என் பெட்டி வசந்தா பலகைக்குப் போனது. அது வெட்டும், நான் கூவுவேன். வெயிலில் படி ஏறி இறங்கினவர்கள் நாக்கு வறண்டு வருகிறவர்கள். அவர்களுக்குச் சிவப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம், காரமும் புளிப்புமாக ஏதாவது வேண்டும். ஒரு கீற்று தின்றவர்கள் கிலோ கணக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் வீட்டில் வெறும் பெட்டிதான் இருந்தது. வசந்தாவுக்கு நன்றி சொல்லப் போனேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, வாய் குழறியது. அது கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நன்றியெல்லாம் நீயே வெச்சுக்கோ. வண்டிய ரெண்டடி தள்ளிப் போடு, போதும்" என்றது.

தள்ளிப் போட்டேன்.

திட்டாத நாள்

மறுபடி கோயம்பேடு. அதே ஆப்பிள். வழக்கம்போல் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. என்னைக் காப்பாற்றின பழத்தை எப்படித் திட்டுவது? சும்மா நின்றேன். பாய் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "திட்டாம நிக்கிறியே, உடம்புக்கு ஆவலியா?"

அடுத்த கிருத்திகை

ஆந்திராக்காரர் திரும்ப வந்தார். தலையில் முடி அரை விரற்கடை முளைத்திருந்தது. நான் பார்த்த மாத்திரத்தில் ஒரு ஆப்பிளை வெட்டி நீட்டினேன், அவர் கேட்காமலே. "மொதல்ல புளிக்கும். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா இனிக்கும்" என்றேன். தின்றார். அதே கண் மூடியது, ஆனால் இந்த முறை திறக்கும்போது சிரித்தது. நாலு கிலோ போடச் சொல்லிவிட்டு, பையை விரித்தபடி சொன்னார்: "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வாங்கிகினு போயிருப்பேனே, நைனா."

இருபது வருஷம் வாயை வைத்தே பிழைத்தவனுக்கு, அந்த வாயில் தன் சரக்கை ஒரு துண்டு போட்டுப் பார்க்க ஒரு மொட்டைத்தலையும், அதை விற்க ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் தேவைப்பட்டிருக்கிறது.