அக்காவுக்குப் போட்ட பப்பாளி

பப்பாளியைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது. அதன் குணமும் குறும்பும் இரண்டாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். என் கையில்தானே முதல் சோதனை நடந்தது!

அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, போட்டோவில் இன்னும் கொஞ்சம் கலராகத் தெரிந்தாளே என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றோடு அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தென்னூரில் பியூட்டி பார்லர் வைத்திருந்த அத்தைக்குப் போன் போட்டாள். பழுத்த பப்பாளியை மசித்துப் போடலாம், ஆனால் முதல்நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துவிட வேண்டும் என்றாள் அத்தை.

கல்யாணப் பெண்ணின் கையில் தடிப்பு வந்தால் என்னாவது? அம்மா என் கையைப் பிடித்துத் தடவிவிட்டாள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுதானே என்பது அவள் கணக்கு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அத்தை வந்ததும் கையைப் பெருமையாக நீட்டினேன்.

“நல்லா இருக்கு அண்ணி! இவளா சர்ச்சுல மாலையோட நிக்கப்போறா? அவங்கவங்க தோலு அவங்கவங்களுக்கு,” என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

சீக்கிரம் வேலை செய்யும் என்று அம்மா வாங்கிவைத்திருந்த பச்சைக் காயையும் அத்தை ஒதுக்கினாள். அதன் பால் ஆட்டுக்கறியையே பஞ்சாக்கிவிடும், முகத்தைச் சும்மா விடுமா என்றாள். அக்காவின் கையில் பழத்தைத் தடவி ஒருநாள் பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லை என்று பார்த்த பிறகுதான் முகத்துக்குப் போட்டாள். காய்வதற்குள் கழுவவும் வைத்தாள். வெயிலில் தலைகாட்டக் கூடாது என்று கண்டிஷன் வேறு.

துடைத்ததும் அக்காவின் முகம் பளிச்சென்று இருந்தது. கன்னம் அப்படி ஒரு வழுவழுப்பு. அம்மாவோ அவளை ஜன்னலோரம் இழுத்துப்போய் முகவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கலர் வரலையே?”

“செத்த தோலுதான் போவும் அண்ணி. அடியில அவ நெறம்தான் இருக்கும். அது எதுக்குப் போவணும்?” என்றாள் அத்தை.

“இந்த மூஞ்சியப் பாத்துத்தாம்மா அவரு சரின்னு சொன்னாரு,” என்றாள் அக்கா.

அம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “அங்க போயி என்னென்ன பேச்சு கேக்கப்போறியோடி,” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அக்காவின் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றேன்.

“அழாதம்மா. இங்க பாரு, நானும் அக்கா கலருதான்!”

அம்மா என்னை இழுத்து இறுக்கிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்றே நினைத்தேன்.